நடுவில் ஒரு 2

ஜனவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் ஓடிக்கொண்டிருக்கிறேன், உன் அத்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறார். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பையன் மூவரும் எப்படி? ரத்த அழுத்தம் பார்த்தாயா, இல்லை வழக்கம்போல "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா"தானா?

என் இடது காது முழுசாக ஓய்வு எடுத்துக்கொண்டது. வலது காதுக்கும் போனில் பேசினால் பாதிதான் விழுகிறது. அலுவலக மெயிலில் எழுதலாமே என்பாய். அதை நிர்வாகி அம்மாவிலிருந்து வாசல்காரர் வரை எல்லோரும் படிக்கிறார்கள். அதனால் பேனா.

விஷயத்துக்கு வருகிறேன். பொத்தானை ஞாபகம் இருக்கிறதா? தவழ்கிற வயசில் டாக்டரின் கோட்டுப் பொத்தானை விழுங்கிவிட்டு மூன்று நாள் எங்கள் உயிரை எடுத்தவள். மார்ச் 14 அன்று அவளுக்குப் பதினெட்டு முடிகிறது! நர்ஸிங் சேர்ந்துவிட்டாள். இன்னும் இல்லத்தில்தான் இருக்கிறாள், என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

எங்கள் குழந்தைகள் இல்லத்து வழக்கம் உனக்குத் தெரியும். குழந்தையை விட்டுப் போகிறவர் பதிவறையில் என் எதிரில் உட்கார்ந்து, பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல்வார். நான் ஒரு சொல் மாற்றாமல் தட்டுவேன். பிள்ளை பதினெட்டு முடிந்து வந்து கேட்கும்வரை அதை யாரும் திறக்கக் கூடாது. தட்டிய நானும்தான். முன்பெல்லாம் கையால் எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவைப்போம். கம்ப்யூட்டர் வந்த பிறகு செய்தி ஏறிய முதல் குழந்தை பொத்தான்தான்.

பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டு வைத்துவிட வேண்டும் என்பது விதி. நேற்று எடுத்தேன். கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. வேறெதுவும் இல்லை.

ஏதோ ஃபாண்ட் கோளாறு என்று நினைக்கிறேன். எதைப் போட்டால் எழுத்து தெரியும் என்று ஒரு வரி எழுதிப் போடு. உனக்கு இதெல்லாம் டீ குடிக்கிற நேரத்து வேலை. நீ வந்து மாற்றிக்கொடுத்த டேட்டாபேஸ்தானே.

பையனுக்கு என் முத்தம். குளிருக்குக் காதை மூடிக்கொள். நம் குடும்பத்துக் காது சரியில்லை.

அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் எனக்குக் காய்ச்சல் விட்டது. இப்போது நன்றாக இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். பையன் பரீட்சை எழுதுகிறான், கணக்கில் என்னை மாதிரி, மற்றதில் அவன் அம்மா மாதிரி. அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாடிப்படி ஏறவே கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

ஆபீசில் எங்களை மூன்றாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லை. சுவரில் ஜன்னல் படம் ஒட்டியிருக்கிறார்கள். சிரிப்பாக இருக்கிறது. என் கீழே இப்போது பதினோரு பேர். யாரும் நான் சொல்வதைக் கேட்பதில்லை, ஆனால் தலையை நன்றாக ஆட்டுகிறார்கள். நானும் அந்த வயசில் அப்படித்தான் ஆட்டியிருப்பேன்.

பொத்தானுக்குப் பதினெட்டா! நான் அங்கே வந்திருந்தபோது என் லேப்டாப் பை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த வாண்டு. என் வாழ்த்தைச் சொல்.

நீ சொன்ன விஷயம் ஃபாண்டாக இருக்கலாம். கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார். சில சமயம் அது போதும். திரையில் எப்படித் தெரிகிறது என்று கொஞ்சம் விவரமாக எழுது.

அத்தானை விசாரித்ததாகச் சொல். அப்புறம், அந்தப் பழைய கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

தம்பி


பிப்ரவரி 1

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் என்று கேட்டு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வெந்நீர் குடி. அத்தான் மாடிப்படி ஏறுவதை நிறுத்தவில்லை. உன் பேரைச் சொன்னேன், "அவன் ஜன்னலுக்கே படம் ஒட்டி வெச்சிருக்கான், அவன் எனக்குச் சொல்றானா" என்கிறார்.

கம்ப்யூட்டரை அணைத்தேன், போட்டேன், நாலு ஃபாண்ட் மாற்றினேன். கேள்விக்குறி மாறவில்லை. விவரம் கேட்டாய். சொல்கிறேன். சொற்களுக்கு நடுவில் இடைவெளி அப்படியே இருக்கிறது. வாக்கியம் முடிகிற இடத்தில் புள்ளி இருக்கிறது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கேள்விக்குறி. நடுவில் ஒரே ஒரு இடத்தில் 2 என்ற எண் தெளிவாக நிற்கிறது. மற்ற குழந்தைகளின் செய்தியையும் தூரத்தில் நின்று பார்த்தேன். நீ வந்து மாற்றிக்கொடுத்ததற்குப் பிறகு தட்டியவை எல்லாம் அழகாகத் தமிழில் நிற்கின்றன. அதற்கு முந்திய ஏழு வருஷத்துச் செய்திகள் நூற்று முப்பத்தொன்பது. அத்தனையும் கேள்விக்குறி.

கையெழுத்துப் பிரதியைக் கேட்டாயே, மறந்துவிட்டாயா? நான் தட்டிப் பிரிண்ட் எடுத்து, அவர்கள் படித்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த தாள்கள்தானே அவை? நீ வந்துபோன மூன்றாம் மாதம் தொட்டில் அறையைப் பெரிசாக்க இடம் வேண்டுமென்று அலமாரிகளை எடுக்கச் சொன்னார்கள். "தாளை அழிக்கலாமா, கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறதா" என்று உனக்கு எழுதிக் கேட்டேன். "தாராளமாகப் போட்டுடலாம்" என்று நீ பதில் போட்டாய். அந்தக் கடிதத்தை நிர்வாகி அம்மா கோப்பில் வைத்திருக்கிறார். தாள்களை இரண்டு நாள் உட்கார்ந்து நானே கிழித்தேன்.

பொத்தான் தினமும் பதிவறை வாசலில் வந்து நிற்கிறாள். நேற்று கேட்டாள்: "பெரியம்மா, எங்கம்மா திட்டியிருப்பாங்களா, கொஞ்சியிருப்பாங்களா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." "எனக்கே ஞாபகமில்லடி" என்றேன். "பொய்" என்று சிரித்துவிட்டுப் போனாள். உண்மையிலேயே ஞாபகம் இல்லை, தம்பி. எத்தனை பேர் சொன்னதைத் தட்டியிருப்பேன்.

சீக்கிரம் எழுது. நாள் நெருங்குகிறது.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள மேதாவித் தம்பிக்கு,

பதினெட்டு நாளாயிற்று. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பையன் பரீட்சை முடிந்ததா?

சின்ன வயசில் அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப்போட்டாயே, அது நினைவுக்கு வந்தது. மாட்டி முடித்து, "எல்லாம் சரியாயிடுச்சு" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னாய். பாடவும் பாடியது. மறுநாள் உன் கால்சட்டையைத் துவைக்கப் போட்டபோது பாக்கெட்டிலிருந்து ஒரு திருகாணி விழுந்தது. அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அத்தானிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கோபமில்லை. எழுதாமல் இருக்காதே, அவ்வளவுதான்.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். வேலை கழுத்தை நெரிக்கிறது, மன்னித்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

என்ன நடந்திருக்கும் என்று புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். பழைய டேட்டாபேஸில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட்தான் இடம். ஒரு பைட்டில் இருநூற்று ஐம்பத்தாறு குறிகள் அடங்கும். முதல் பாதி ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் புள்ளிக்கும் இடைவெளிக்கும் போய்விடும். மிச்சப் பாதியில் ஒவ்வொரு ஃபாண்ட் செய்தவரும் தன் இஷ்டத்துக்குத் தமிழை அடுக்கினார்கள். உங்கள் இல்லத்தில் எவரோ செய்துகொடுத்த ஃபாண்ட், அந்த அடுக்கு வேறெங்கும் கிடையாது. அந்த டேட்டாபேஸ் என் அப்போதைய ஆபீஸ் விற்றது. அங்கே நான் பதினான்கு மாதம் உட்கார்ந்து செய்தது, ஒரு எழுத்துக்கு இரண்டு மூன்று பைட் எடுத்துக்கொள்ளும்படி அந்த டேட்டாபேஸையே மாற்றியது. அப்புறம் எந்த மொழி எழுத்தும் தனி ஃபாண்ட் எதுவும் இல்லாமலே அதில் நிற்கும். பழையதைப் புதியதற்கு ஏற்றும்போது, அடையாளம் தெரியாத எழுத்து வந்தால் அதன் இடத்தில் கேள்விக்குறி விழும். எண்ணும் புள்ளியும் இடைவெளியும் தப்பித்ததற்கு அதுதான் காரணம்.

கேள்விக்குறி விழுந்த இடத்தில் பழைய எழுத்து மிச்சம் இருக்காது. அதனால் மாற்றுவதற்கு முந்திய பிரதி ஏதாவது வேண்டும். பழைய கம்ப்யூட்டர், சிடி, எதுவானாலும் சரி. ஸ்டோர் அறையில் தேடிப் பார். கிடைத்தால் உடனே அனுப்பு.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

கிடைத்துவிட்டது! இரண்டு நாளாக நானும் அத்தானும் ஸ்டோர் அறையைத் தலைகீழாகப் புரட்டினோம். உடைந்த தொட்டில், மூன்று சக்கர நாற்காலி, அளவு தெரியாத காலணிகள் ஒரு மூட்டை. பழைய கம்ப்யூட்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டதாம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அத்தான்தான் முழங்கால் வலியோடு ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். உள்ளே ஆறு சிடி. மேலே என் கையெழுத்தில் தேதி. நீ வருவதற்கு இரண்டு மாதம் முந்திய தேதி!

டப்பாவோடு இன்றே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அத்தான் இப்போது கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "உன் தம்பி எனக்கு ஒரு முழங்கால் கடன்பட்டிருக்கான்" என்கிறார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

பொத்தான் பிறந்தநாளுக்குப் புதுப் புடவை கேட்டாள், வாங்கியிருக்கிறோம். முதல் தடவை கட்டப்போகிறாள். கவரைப் பிரிக்கும்போது நிர்வாகி அம்மா பக்கத்தில் இருக்க வேண்டாமாம், நான் மட்டும் இருந்தால் போதுமாம். பெருமையாக இருந்தது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சிடி கைக்கு வந்ததும் எழுது.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் என்ன எழுதியிருப்பாய் என்று எனக்கு இப்போது தெரியும். முந்தாநாள் தாள் அடுக்கிக்கொண்டிருந்தபோது திடீரென்று பொறி தட்டியது. அந்தச் சிடிகள் உனக்காக நானே எடுத்தவை. "முதல்ல ஒரு பிரதியில மாத்திப் பாக்கணும்க்கா, டேட்டா அனுப்பு" என்று நீ கேட்டாய். செய்தியை எவரும் படிக்கக் கூடாது என்பது விதி. நீ என் தம்பியானால் என்ன, விதி விதிதானே. பிரதியில் செய்திக் கட்டத்தை மட்டும் காலி பண்ணிவிட்டு, மிச்சத்தை அனுப்பினேன். "குறிப்புக் கட்டம் காலியா இருக்கே" என்று நீ கேட்டபோதுகூட, "அது உனக்குத் தேவையில்லாதது" என்று முறுக்கிக்கொண்டேன்.

நான் ஒழுங்குக்காரி என்று எவ்வளவு கர்வம் எனக்கு! நான் காலி பண்ணாமல் இருந்திருந்தால், நீ மாற்றிப் பார்க்கும்போதே உன் கண்ணில் பட்டிருக்கும். தப்பு என்னோடது. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நேற்று அவள் வந்தாள். புடவை கொசுவம் நிற்கவில்லை, கையால் பிடித்துக்கொண்டே வந்தாள். தலை குளித்து, ஈரம் காயாமல் வந்து என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அம்மா உட்கார்ந்த அதே நாற்காலி. நான் என்ன செய்தேன் தெரியுமா? "பிரிண்டர் கெட்டுப்போச்சுடி, பத்து நாள் பொறு" என்றேன். முப்பத்தோரு வருஷ வேலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் நான் பொய் சொன்னதில்லை. அவள் பிரிண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி பெரியம்மா, பதினெட்டு வருஷம் இருந்தாச்சு, பத்து நாளா பெரிசு" என்று எழுந்து போனாள்.

அவள் அம்மாவை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். நீல நிறக் கைப்பை ஒன்று மடியில் இருந்தது. பேசிப் பேசி நிறுத்துவாள், நான் தட்டி முடிக்கக் காத்திருப்பாள். அவ்வளவுதான் வருகிறது. என்ன சொன்னாள் என்பது வரவில்லை, தம்பி. ஒரு சொல்கூட வரவில்லை.

அக்கா


மார்ச் 16

அக்கா,

சிடி வந்தது. ஆறும் நன்றாகத் திறந்தன. பெயர், தேதி, எடை, தடுப்பூசி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. செய்திக் கட்டம் மட்டும் காலி. இந்தப் பிரதியைத்தான் நீ அன்றைக்கு எனக்கு அனுப்பினாய் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அத்தானின் முழங்காலை நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

இனி சுற்றி வளைக்க முடியாது. எழுதுகிறேன், நீ உட்கார்ந்து படி.

அடையாளம் தெரியாத எழுத்து வந்தால் கேள்விக்குறி விழும் என்று போன கடிதத்தில் எழுதினேன். அது தானாக விழவில்லை, நான் விழவைத்தது. முதலில் நான் எழுதிய புரோகிராம் அந்த இடத்தில் நின்றுவிடும். "இது எந்த ஃபாண்ட், சொன்னால்தான் நகர்வேன்" என்று கேட்கும். அப்படி நின்று நின்று போனால் வாங்குகிறவர்களுக்கு எரிச்சல் வரும் என்று ஆபீசில் சொன்னார்கள். "சரி, கேள்விக்குறி போட்டுட்டுப் போகட்டும், கடைசியில எண்ணிக்கை காட்டினா போதும்" என்று நான்தான் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள்.

டேட்டாபேஸை மாற்ற வந்த அந்தச் சனிக்கிழமை உன் பதிவறையில் உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்த குழந்தையின் பெயரை முதல் தடவையாகத் தமிழில் தட்டினோம், ஞாபகம் இருக்கிறதா? தொட்டில் அறையிலிருந்து எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். நிர்வாகி அம்மா போட்டோ எடுக்கச் சொன்னார். நீ எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "என் தம்பி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் திரையில் ஒரு வரி வந்திருந்தது. "மாற்ற முடியாத எழுத்துகள்: 84,907." பிரதியில் மாற்றிப் பார்த்தபோது அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. எண்பத்துநாலாயிரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். உன் காலடிச் சத்தம் கேட்டது. என்டரைத் தட்டினேன். வரி போய்விட்டது.

மாற்றுவதற்கு முன்பு அங்கேயே எடுத்த முழுப் பிரதி என் லேப்டாப்பில் இருந்தது. திங்கட்கிழமை பார்க்கலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை புதுக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாம் மாதம் நீ தாளைப் பற்றிக் கேட்டு எழுதினாயே, அப்போதும் லேப்டாப் என் மேஜையில்தான் இருந்தது. திறந்து பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். திறந்தால் அந்த எண்ணுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தாராளமாகப் போட்டுடலாம் என்று எழுதிவிட்டேன். அடுத்த மாதம் லேப்டாப்பைக் கம்பெனியில் ஒப்படைத்தேன், துடைத்துவிட்டார்கள்.

நீ ஜனவரியில் கேள்விக்குறி என்று எழுதிய முதல் வரியிலேயே எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னேனே, அதை நினைத்தால் கூசுகிறது.

என் வேலையில் நான் செய்த நல்ல காரியம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழை டேட்டாபேஸில் நிற்கவைத்தவன் என்று. பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக்கூடக் கை வரவில்லை.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

மார்ச் 15 அன்று நீ எழுதியது வந்தது. "தப்பு என்னோடது" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. நான் மறுநாள் எழுதியது இதற்குள் உனக்கு வந்திருக்கும். வரவில்லையென்றால் சொல், திரும்ப எழுதுகிறேன். நீ விதிப்படி செய்தாய். கட்டம் காலி என்றால் ஏன் காலி என்று கேட்டு வாங்க வேண்டியது என் வேலை.

ஒன்று சொல்லலாமா? கோபித்துக்கொள்ளாதே. இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கான தாய்மார் சொன்னதை நீ தட்டியிருக்கிறாய். அவர்கள் பொதுவாக என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். நீ நாலு வரி எழுதிக் கவரில் போட்டுக் கொடுத்தால், அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆறுதல். யாருக்கும் நஷ்டமில்லை. வேண்டுமானால் நானே எழுதி அனுப்புகிறேன்.

என்னைத் திட்டியாவது எழுது. அத்தான் கால் எப்படி இருக்கிறது?

தம்பி


மே 21

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன், திறந்தேன், மறுபடி பூட்டினேன். அத்தானிடம் பத்து நாள் சொல்லவில்லை. ஸ்டோர் அறையில் வைத்துச் சொன்னதும் அவர் பிஸ்கட் டப்பா இருந்த பரணை நிமிர்ந்து பார்த்தார். அவர் கால் பரவாயில்லை.

நீ தப்புப் பண்ணினதற்கு எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய். கோபம்தான். கேள்விக்குறி விழுந்ததற்கு இல்லை. நான் உன்னைக் கேட்டு எழுதினேன் பார், அதற்கு. நீ திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, தாளைக் கிழிக்காதே, நான் கெடுத்துட்டேன்" என்று ஒரு வரி போட்டிருந்தால், நூற்று முப்பத்தொன்பதையும் ஒரே மாதத்தில் நான் திரும்பத் தட்டியிருப்பேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். அப்பாவிடம் திருகாணியைச் சொன்னேனா? இந்தத் தடவையும் பாக்கெட்டில்தான் வைத்திருந்திருக்கிறாய்.

நாலு வரி எழுதிக் கொடு என்றாயே, அதைப் படித்தபோதுதான் அழுதேன். நான் தட்டுகிறவள். அவளைப் பெற்றவள் இல்லை. அதை நீயா எழுதுவாய்?

ஏப்ரல் கடைசியில் பொத்தானை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் காலி பண்ணியது, நீ என்டரைத் தட்டியது, நான் தாளைக் கிழித்தது, பிரிண்டர் கெடவே இல்லை என்பது. முதலில் புரியாத மாதிரி பார்த்தாள். அப்புறம் கத்தினாள். என் காதுக்கே நன்றாகக் கேட்டது. "இதுக்குத்தானே இங்கயே இருந்தேன்! வெளிய அனுப்பறேன்னப்பகூட போகாம இருந்தேன்! உங்க வீட்டு லெட்டரா இருந்தா இப்படி விட்டிருப்பீங்களா?" கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். ஒன்பது நாள் என் பக்கம் திரும்பவில்லை. சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

பத்தாம் நாள் பென்சிலோடு வந்தாள். "அந்தக் கேள்விக்குறியையே பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள். சொல் சொல்லாகக் கோடு போட்டு, தப்பிவிட்டால் முதலிலிருந்து. மதியம் முழுக்க எண்ணினாள். நான் வேலை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தலையைத் தூக்கி, "ஏழுநூத்து நாப்பத்தி மூணு" என்றாள். "பதினாறு வாக்கியம். கடைசி வாக்கியத்துல ஒரே ஒரு வார்த்தை." தாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "நிறையத்தான் பேசியிருக்காங்க, இல்ல பெரியம்மா? அவசரமா போகலை" என்றாள். ஆமாம் என்றேன். நான் தட்டி முடிக்கக் காத்திருந்தாள் என்பதைச் சொன்னேன், நீலக் கைப்பையைச் சொன்னேன். அவை இரண்டையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த 2-ஐ வட்டம் போட்டாள். அதை விட்டு அவளால் நகர முடியவில்லை. இப்போதும் தினம் அதைத்தான் பேசுகிறாள். ரெண்டு நாளா, ரெண்டு மாசமா, மணி ரெண்டா? நேற்று மெதுவாகக் கேட்டாள்: "பெரியம்மா, எனக்குக் கூடப்பிறந்தவங்க 2 பேர் இருக்காங்கன்னு சொல்லியிருப்பாங்களோ? எங்கயாவது ஒரு அக்காவோ தம்பியோ இருப்பாங்களோ?"

எனக்குத் தெரியவில்லை, தம்பி. நான் என் கையால் தட்டிய 2.

அடுத்த பையனுக்கு ஆகஸ்ட் 9 அன்று பதினெட்டு முடிகிறது. அதற்கப்புறம் அக்டோபரில் இரட்டைப் பிள்ளைகள். இப்படியே ஏழு வருஷத்துக்கு, வரிசையாக நூற்று முப்பத்தெட்டுப் பேர். நிர்வாகி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. நீ ஆகஸ்டில் வா. என் நாற்காலியில் நீ உட்கார். எதிரில் அவன் உட்காருவான். உன் வாயால் சொல். பொத்தானும் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறாள், அந்த 2-ஐப் பற்றி உன்னிடம் கேட்கவேண்டுமாம்.

வெயில் ஏறிவிட்டது, பருத்திச் சட்டையாக எடுத்து வா. மாத்திரையை விடாதே.

அக்கா